இடக்கை மாற்று வீச்சாளர்

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இலங்கையின் ஊர்தோறும் ஆடப்படும் எல்லே என்னும் விளையாட்டை அறியாதார் இலர். ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் மூங்கில் தடியால் அதனை அடிப்பார். அடிப்பதற்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. அடித்தபின் நான்கு தரிப்பிடங்களைச் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடும்போது எதிரணியினர் பந்தை அவர்மீது படும்படி எறிந்துவிட்டாலோ, அடித்த பந்து நிலத்தில் விழுமுன் அதனை ஏந்திவிட்டாலோ அவர் ஆட்டமிழப்பார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,300 அடி உயரத்திலுள்ள நானுஓயா போன்ற இடத்தில் இவ்வாட்டத்துக்குரிய சமதரையைத் தேடிப்பிடிப்பதே ஒரு வேலை. சற்று ஓங்கி அடித்தால் பந்து தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து பள்ளத்தை நோக்கி உருண்டுவிடும்.

அதே நானுஓயாவுக்கு அண்மையில் ரதல்ல மைதானம் உள்ளது. டிம்புள்ளக் கிரிக்கெட் கழகத்துக்குரிய அம்மைதானம், வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் ஆடுவதற்கென மலைச்சரிவுகளுக்கிடையே உருவானது. கிரிக்கெட் துரைமாரின் ஆட்டமாயிருந்த காலம் மாறிற்று. தேயிலைத் தோட்டத்தில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரின் பேரனாகிய முத்தையா முரளிதரன், 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திவிட்டு 2010இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். மலையகத்து இளைஞரிடம் விளையாட்டைப் பற்றி எவர் பேசினும் முரளிதரனின் பெயரே முதலில் எழும். அது நியாயமே. ஆயினும் சிகரத்தைத் தொட்டவர் ஒருவர் என்றால், பாதி மலையில் நின்றுவிட்டவர் பல்லாயிரவர். அவர்களுடைய உழைப்பை எந்தக் கோலால் அளப்பது? எல்லேக்கு உறவுமுறை கொண்டாடத்தக்க பேஸ்போல் ஆட்டத்தில், இந்தியக் கிராமம் ஒன்றிலிருந்து சென்ற இடக்கை வீச்சாளர் ஒருவரின் வரலாறு இந்தக் கேள்விக்கு நல்லதொரு விடையைத் தருகிறது. அவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு முன் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

பேஸ்போல் ஐக்கிய அமெரிக்காவில் பெருவழக்காயுள்ள ஆட்டம். எல்லேயைப் போலவே இதிலும் அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடவேண்டும். தளத்துக்குத் தளம் 90 அடி. ஒவ்வோர் அணியும் ஒன்பது முறை அடித்தாடும். ஒரு முறையில் மூவர் ஆட்டமிழந்தால் அம்முறை முடிந்தது. ஆனால் இவ்வாட்டத்தின் உயிர்நாடி பந்தை எறிபவரிடமே இருக்கிறது. சிறு மேடொன்றின் மீது நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள தளத்தை நோக்கி, நிலத்தில் படாமல் அவர் பந்தை வீசுவார். பந்தின் நிறை ஐந்து அவுன்ஸுக்குச் சற்று மேற்பட்டது. அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், தளத்தின் மேலாக அது செல்லுதல் வேண்டும். அப்படிச் செல்லும் நல்ல பந்தை மூன்று முறை தவறவிட்டவர் வெளியேற வேண்டியதுதான். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்கும் குறைந்த நேரத்தில் அடிப்பவரை வந்தடையும். அடிப்பதா, விடுவதா என்று அவர் தீர்மானிக்கும் அவகாசம் கண் இமைக்கும் நேரமே.

இத்தகைய வேகத்தில் நூறு பந்து வீசியவுடன் எவருடைய கையும் தளரும். ஆகவே ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளர் களைக்கும்போதோ, எதிரணியினர் அவரை அடித்து நொறுக்கும்போதோ, அவருக்குப் பதிலாக இன்னொருவர் களம் இறங்குவார். அவரே மாற்று வீச்சாளர். அமெரிக்காவின் உயர்தரப் போட்டியாகிய மேஜர் லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அணிக்கு 26 பேர். அவருள் வீச்சாளர் பதின்மூவர் வரையில் இருக்கலாம். பொதுவாக ஐவர் முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்குவர். ஏனையோர் யாவரும் மாற்று வீச்சாளரே.

மாற்று வீச்சாளரின் தொழில் விசித்திரமானது. மைதானத்தின் ஓரத்தில் வேலியிட்ட ஓரிடத்தில் அவர் காத்திருப்பார். எப்பொழுது அழைப்பு வரும் என்பது அவருக்குத் தெரியாது. வராமலே போகும் நாள்களும் உண்டு. வந்தால் அது பெரும்பாலும் நெருக்கடியான வேளையாகவே இருக்கும். தளங்களில் எதிரணியினர் நிற்பர், வெற்றி தோல்வி ஊசலாடும். சில பந்துகளை வீசிக் கையைச் சூடாக்கிக்கொண்டு அவர் மேட்டில் ஏறவேண்டும். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், மலைநாட்டுக்கு வரும் புகையிரதங்களைக் கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னிருந்து தள்ளுவதற்கென்று இன்னோர் எஞ்சினைப் பூட்டுவது வழக்கம். 1885இல் நானுஓயாவரை வந்து சேர்ந்த பாதைக்கு அந்தத் துணை எஞ்சின் இன்றியமையாததாய் இருந்தது. ஏற்றம் முடிந்ததும் அது கழன்று திரும்பிவிடும். நானுஓயா நிலையத்தில் மாலையுடன் வரவேற்கப்படுவோர் வண்டியில் வந்தவரேயன்றி, அந்த எஞ்சினை ஓட்டியவர் அல்லர். மாற்று வீச்சாளரின் நிலையும் அதுவே.

இவருள்ளும் இடக்கையினருக்குத் தனியிடம் உண்டு. நம் வீடுகளில் இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையைப் பெரியோர் கண்டிப்பது வழக்கமாயிருந்தது. இடது கையால் உண்ணலாகாது, பிறருக்கு ஒன்றைக் கொடுக்கலாகாது என்று கையைத் தட்டிவிடுவர். பேஸ்போலிலோ இந்தக் கைக்கே கிராக்கி அதிகம். மக்களுள் பத்தில் ஒருவர் அளவினரே இடக்கையினர்; மேஜர் லீக் வீச்சாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இடக்கையினர். காரணம் எளிதில் விளங்கும். இடக்கையால் அடித்தாடுபவருக்கு, இடக்கை வீச்சாளரின் பந்து முதுகுப்புறத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும். பின் அவரை விட்டு விலகி வளைந்து செல்லும். பந்தைக் காணும் அவகாசமும் குறைகிறது, எட்டும் தூரமும் கூடுகிறது. ஆதலால் எதிரணியின் வலிமைமிக்க இடக்கைத் துடுப்பாளர் வரும் வேளைக்கென்றே ஓர் இடக்கை மாற்று வீச்சாளரை ஒவ்வோர் அணியும் பேணிவந்தது. அந்த ஒருவரை மட்டும் ஆட்டமிழக்கச் செய்துவிட்டு அவர் திரும்பிவிடுவார். ஒரு நாளைய வேலை சில சமயம் மூன்று பந்தோடு முடிந்துவிடும்.

இத்தொழிலில் நெடுங்காலம் நிலைத்தவர் ஜெசி ஒரோஸ்கோ. 1979இல் மேஜர் லீக்கில் நுழைந்த இவர், 2003ஆம் ஆண்டுவரை ஒன்பது அணிகளுக்காக 1,252 ஆட்டங்களில் வீசினார். இத்தனை ஆட்டங்களில் வீசிய வேறொருவர் இல்லை. ஊர் ஊராக மாறினார். ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 46. இன்று அவ்வாறு ஒருவர் நீடிப்பது அரிது. 2020இல் வந்த புதிய விதியின்படி, களம் இறங்கும் வீச்சாளர் குறைந்தது மூன்று துடுப்பாளருக்கேனும் வீசவேண்டும், அல்லது அந்த முறை முடியும்வரை வீசவேண்டும். ஒருவருக்கு மட்டும் வீசிச் செல்லும் தனித்தொழில் அத்துடன் பெரும்பாலும் மறைந்தது.

மேஜர் லீக்கை அடைவதற்கு முன் ஏறவேண்டிய படிகள் பல. அவை மைனர் லீக் எனப்படும். தொடக்கநிலை, அதன்மேல் ஏ வகுப்பு, உயர் ஏ வகுப்பு, இரட்டை ஏ, மும்மை ஏ என அவை அடுக்கடுக்காக உள்ளன. சிற்றூர்களில் ஆடி, பஸ்ஸில் இரவெல்லாம் பயணம் செய்து, மறுநாள் வேறோர் ஊரில் ஆடவேண்டும். இப்படிகளில் ஏறத் தொடங்கியவருள் மிகச் சிலரே உச்சியை அடைகின்றனர்.

இப்படிகளில் காலடி வைத்த முதல் இந்தியர் இருவர். அவருள் இடக்கையினர் ரிங்கு சிங். 1988இல் பிறந்த இவருடைய ஊர் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்திலுள்ள ஒரு கிராமம். தந்தையார் லொறி ஓட்டுநர்; பிள்ளைகள் ஒன்பதின்மர். ஈட்டி எறிதலில் தேர்ச்சி பெற்ற ரிங்கு, லக்னோவிலுள்ள விளையாட்டுக் கல்லூரியில் பயின்றார். பேஸ்போல் என்ற சொல்லையே அவர் அதுவரை கேட்டதில்லை.

2008இல் ஜே. பி. பேர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க முகவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தியாவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியை நடத்தினர். வேகமாகவும் குறிதவறாமலும் பந்தெறிபவர் எவராயினும் பரிசு பெறலாம் என்பது அறிவிப்பு. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுவோர் நிறைந்த நாட்டில் பேஸ்போலுக்கும் ஆள் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. 37,000 பேருக்கு மேல் முயன்றனர். வெற்றி கண்டவரோ கிரிக்கெட் வீரர் அல்லர். மணிக்கு 87 மைல் வேகத்தில் வீசிய ரிங்கு ஒரு இலட்சம் டொலர் பரிசைப் பெற்றார். அவருக்கு அடுத்து வந்த தினேஷ் பட்டேலும் ஈட்டி எறிந்து பழகியவரே, அவர் வலக்கையினர்.

இருவரும் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் பயிற்சியளித்தவர் டொம் ஹவுஸ். இவரும் ஒரு காலத்தில் இடக்கை மாற்று வீச்சாளர்; 1970களில் மூன்று அணிகளுக்காக வீசியவர். பேஸ்போல் வரலாற்றில் ஹவுஸின் பெயர் நிலைத்திருப்பது அவர் வீசிய பந்து எதனாலும் அன்று. 1974 ஏப்ரல் 8ஆம் நாள், ஹாங்க் ஆரன் தமது 715ஆவது முழுச்சுற்று அடியை அடித்துப் பழைய சாதனையை முறியடித்தபோது, வேலிக்கப்பால் காத்திருந்த ஹவுஸ்தான் அந்தப் பந்தை ஏந்தினார். காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு வாய்த்த பெருமை அது. பின்னாளில் வீச்சுக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியராக அவர் பெரும் மதிப்புப் பெற்றார். ஈட்டி எறிந்த கையைப் பேஸ்போலுக்குப் பழக்கும் பொறுப்பு இவ்வாறு தக்கவர் ஒருவரிடம் வந்தது.

அப்பழக்கம் எளிதன்று. ஈட்டியை எறிபவர் ஓடிவந்து, தம் உடலின் முழு வேகத்தையும் ஒரே எறியில் செலுத்துவார். பேஸ்போல் வீச்சாளரோ நின்ற இடத்திலிருந்து எறியவேண்டும். எறிந்த பந்தையே மீண்டும் மீண்டும் அதே இடத்துக்கு எறியவேண்டும். இடையிடையே வேகத்தைக் குறைத்து அடிப்பவரை ஏமாற்றவும் வேண்டும். இவற்றுடன் ஆங்கிலமும் பயின்றனர். ஆட்டத்தின் விதிகளையும் முதலிலிருந்து கற்றனர். 2008 நவம்பரில், மேஜர் லீக் அணிகளின் தேர்வாளர் முன்னிலையில் அரிசோனாவில் வீசிக்காட்டினர். அதே மாதம் 24ஆம் நாள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தப் பகுதியை வைத்தே 2014இல் அமெரிக்காவில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. ஏ. ஆர். ரகுமான் அதற்கு இசையமைத்தார். படம் ஒப்பந்தத்தோடு முடிகிறது. ஆனால் ரிங்குவின் தொழில் அங்கேதான் தொடங்கிற்று.

2009 ஜூலை 4ஆம் நாள் புளோரிடாவில், தொடக்கநிலைப் பிரிவில், அவர் முதன்முதலாக மேட்டில் ஏறினார். அம்மாதம் 13ஆம் நாள் ஓர் ஆட்டத்தின் வெற்றி அவர் கணக்கில் எழுதப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்போலில் வெற்றிபெற்ற முதல் இந்தியக் குடிமகன் அவரே. எனினும் அந்த ஆண்டின் கணக்கு மெச்சத்தக்கதன்று. ஒரு வீச்சாளர், ஒன்பது முறை முழுவதும் தாமே வீசினால் தம் பிழையால் எத்தனை ஓட்டங்களைக் கொடுப்பார் என்ற சராசரியைக் கொண்டே அவரை மதிப்பிடுவர். எண் குறையக் குறையச் சிறப்பு. 2009இல் பதினொரு ஆட்டங்களில் வீசிய ரிங்குவின் சராசரி 5.84. இது சுமாருக்கும் கீழ்.

தினேஷ் பட்டேலை அணி 2010இன் இறுதியில் விடுவித்தது. அவர் இந்தியா திரும்பினார். ரிங்கு தங்கினார். அடுத்த ஆண்டுகளில் பென்சில்வேனியாவிலும், டொமினிக்கன் குடியரசிலும், மேற்கு வேர்ஜீனியாவிலும் அவர் வீசினார். அமெரிக்காவில் பனிக்காலம் வந்து ஆட்டம் ஓய்ந்தபோது அவுஸ்திரேலியாவுக்குச் சென்று கான்பரா அணிக்காக வீசினார். பெட்டியும் கையுறையுமாகத் திரிந்த இந்த ஆண்டுகளில் அவரைத் தொலைக்காட்சி தொடரவில்லை. ஆனால் தொழில் கைவந்தது இந்த ஆண்டுகளில்தான். 2012இல் ஏ வகுப்பைச் சேர்ந்த மேற்கு வேர்ஜீனியா அணிக்காக 39 ஆட்டங்களில் 72 முறைகள் வீசினார், 65 பேரைப் பந்து தொடாமலே வெளியேற்றினார், சராசரி 3.00. மூன்று ஆட்டங்கள் வெற்றி, ஒன்று தோல்வி. நான்கு ஆண்டுகளுக்கு முன் பந்தின் தையலை எப்படிப் பிடிப்பது என்றறியாத ஒருவருக்கு இது சிறிய சாதனையன்று. மேஜர் லீக்குக்கு அவர் ஏறவேண்டிய படிகள் இன்னும் நான்கு இருந்தன.

அவற்றை ஏற அவருடைய கை இடங்கொடுக்கவில்லை. 2013இல் இடக்கையில் ஏற்பட்ட காயம் அவரைக் களத்திலிருந்து அகற்றியது. வீச்சாளர் எறியும்போது முழங்கையின் உட்புறத்திலுள்ள தசைநார் பெரும் இழுவிசையைத் தாங்குகிறது. பல்லாயிரம் எறிதல்களில் அது நைந்து கிழிவதுண்டு. முன்பெல்லாம் கிழிந்தால் தொழில் முடிந்தது. 1974இல் பிராங்க் ஜோப் என்ற மருத்துவர், உடலின் வேறோரிடத்திலிருந்து நாரை எடுத்து முழங்கையில் பொருத்தும் சத்திரசிகிச்சையை முதன்முதலாகச் செய்தார். அச்சிகிச்சையைப் பெற்ற டொமி ஜோன் என்பவரும் இடக்கை வீச்சாளரே. அவர் 1976இல் களத்துக்குத் திரும்பி 1989வரை வீசி, வாழ்நாளில் 288 வெற்றிகளைக் குவித்தார். அன்றுதொட்டு அந்தச் சத்திரசிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகிறது. ரிங்குவும் அதற்கு உட்பட்டார். ஆனால் எல்லோருக்கும் ஒரே பலன் கிட்டுவதில்லை. கை தேறுவதற்காக அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். மீண்டும் போட்டியில் வீச இயலாமலே அவருடைய பேஸ்போல் வாழ்வு முடிந்தது. 2018இல் தொழில்முறை மல்யுத்தக் காட்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, 2024வரை மேடையேறினார்.

ரிங்கு மேஜர் லீக்கில் ஒரு பந்தும் வீசியதில்லை. சிகரத்தை அளவுகோலாக வைத்தால் இது தோல்விக் கதை. அந்த அளவுகோல் சரிதானா என்பதே ஆராயத்தக்கது. மைனர் லீக்கின் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர் இன்றி மேஜர் லீக் ஒரு நாளும் நடவாது. ஆயினும், உச்சிக்கு வரவிருப்பவர் என்ற நம்பிக்கையையே அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்துவந்தனர். 2022வரை, ஏ வகுப்பில் ஆடுபவருக்கு ஆண்டுக்குக் கிடைத்த அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ 11,000 டொலர். அமெரிக்காவில் இதைக்கொண்டு ஒருவர் தனியே வாழ்தலும் அரிது. ரிங்கு ஆடிய காலத்தில் அது இதனினும் குறைவு. 2022 செப்டெம்பரில் மைனர் லீக் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தில் ஒன்றுசேர்ந்தனர். 2023இல் தங்கள் முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றனர். ஏ வகுப்பின் அடிப்படைச் சம்பளம் 26,200 டொலராக உயர்ந்தது. கூட்டு ஒப்பந்தம் என்ற சொல்லின் பொருளை மலையகத்து நேயர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. நாட்சம்பளத்துக்காக எத்தனை முறை பேச்சுவார்த்தை நடந்தது, எத்தனை நாள் வேலை நின்றது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவர். பாதி மலையில் நிற்பவரும் தொழிலாளியே, அவருடைய உழைப்புக்கும் விலையுண்டு என்பதை அமெரிக்க ஆட்டக்காரரும் இறுதியில் சங்கத்தின் வாயிலாகவே நிலைநாட்டினர்.

ஆகவே இந்த இடக்கை வீச்சாளரின் வாழ்விலிருந்து இளைஞர் கற்கத்தக்கது, பரிசுப் போட்டியில் வென்றால் பாக்கியம் வரும் என்பதன்று. 37,000 பேருள் ஒப்பந்தம் பெற்றவர் இருவர். அவ்விருவருள் எவரும் உச்சியை எட்டவில்லை. அத்தகைய வாய்ப்பை நம்பிப் படிப்பையும் தொழிலையும் கைவிடுதல் தகாது. கற்கத்தக்கது வேறு. 5.84 என்ற எண்ணை 3.00 ஆக்குவதற்குச் சென்ற ஆண்டுகள் வீணானவை அல்ல. ஒரு தொழிலை ஐயந்திரிபறக் கற்பதும், அழைப்பு வரும்வரை ஆயத்தமாய் இருப்பதும், வந்தபோது நெருக்கடியில் நின்று ஒருவரையாவது வெளியேற்றிவிட்டுத் திரும்புவதும் தம்மளவில் முழுமையானவை.

மாற்று வீச்சாளராகவே வாழ்ந்த டொம் ஹவுஸ், தாம் கற்றதை உத்தரப் பிரதேசத்துக் கிராமத்து இளைஞன் ஒருவனுக்குக் கற்பித்தார். அவ்வாறே, கொழும்புக் கழகங்களிலும் மாகாண அணிகளிலும் சில ஆண்டுகள் ஆடிவிட்டு மலைக்குத் திரும்பும் ஒருவர், தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கும் முறையைக் கற்பிப்பாராயின், அவர் தொழில் பாதியில் முடிந்ததென்று எவரும் கூறமுடியாது. நானுஓயாவின் சமதரைத் துண்டொன்றில் அடுத்த புத்தாண்டுக்கு எல்லே ஆடும்போது, இடக்கையால் பந்தெறியும் சிறுவன் ஒருவன் அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். அந்தக் கையைத் தட்டிவிடாமல் அதற்கு முறையாக எறியக் கற்றுக்கொடுக்கும் மூத்தவர் ஒருவர் அவனுக்கு வாய்ப்பாராக.